அஸ்திவாரம் என்னதான் செய்கிறது?

நடவுக்கு முன்னால் வயலில் பரம்படிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? உழுது கலக்கிய சேற்றில் வெறுங்காலோடு இறங்கினால் முழங்கால் வரை உள்ளே போகும். அதே சேற்றில், மாடு இழுக்கும் பரம்புப் பலகையின் மேல் அதே ஆள் ஏறி நிற்பார். பலகை சேற்றை வழித்துக்கொண்டே போகும், அவர் புதைய மாட்டார். ஆளின் எடை குறையவில்லை, சேறும் இறுகவில்லை. இரண்டு பாதங்களின் அளவில் இறங்க வேண்டிய எடை, பலகையின் நீளம் அகலம் முழுவதும் பரவி இறங்குகிறது. அவ்வளவுதான்.

அஸ்திவாரம் என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் இந்தப் பலகையைத்தான் சொல்வேன். கட்டட வேலை மேற்பார்வையில் பல வருஷம் சுற்றியதில், வீடு கட்டப்போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “எத்தனை அடி ஆழம் போகணும்?” அதற்குப் பதில் சொல்வதற்குள் நான் இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும். மேலே எவ்வளவு பாரம் வரப்போகிறது? கீழே என்ன மண் இருக்கிறது? இந்த இரண்டுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை நடத்துகிற ஆள்தான் அஸ்திவாரம்.

பாரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1000 சதுர அடியில், தரைத்தளம் மட்டும் உள்ள ஒரு சாதாரண வீடு. கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2500 கிலோ. 5 அங்குலக் கனத்தில் மேல்தளம் போட்டால் அது மட்டுமே 29 டன் வருகிறது. செங்கல் சுவர்கள், பூச்சையும் சேர்த்து 65 டன்னைத் தொடும். மொட்டை மாடியில் பதிக்கும் தட்டு ஓடுகள், பீம்கள், தூண்கள், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல், மேலே ஏறப்போகும் மனிதர்கள், தண்ணீர் டேங்க் எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 140 டன் பக்கம் போகும். 4 டன் எடையுள்ள யானைகள் முப்பத்தைந்தை உங்கள் மனையில் நிறுத்தி, “யாரும் அசையக் கூடாது, அறுபது வருஷம் இப்படியே நில்லுங்கள்” என்று சொல்வது போலத்தான். மேலே ஒரு மாடி எடுத்தால் யானைக்கூட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

இந்தப் பாரம் பில்லர் வீட்டில் தூண்கள் வழியாகக் கீழே வருகிறது. ஒரு தூணில் 20 டன் இறங்குகிறது என்று வையுங்கள். தூணின் அளவு 9 அங்குலத்துக்கு 12 அங்குலம். அந்தச் சின்ன இடத்தில் 20 டன் என்றால், ஒரு சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் 290 டன். நல்ல கான்கிரீட்டுக்கு இது பெரிய சுமை இல்லை. ஆனால் மண்? மென்மையான களிமண் ஒரு சதுர மீட்டருக்கு 10 டன் தாங்கினால் அதிகம். அப்படியே தூணை மண்ணில் நட்டால், சேற்றில் காலை வைத்த கதைதான். அதனால் தூணின் அடியில் பரம்புப் பலகை போல ஒரு அகலமான கான்கிரீட் பலகையைப் போடுகிறோம். அதைத்தான் ஃபுட்டிங் என்கிறோம்.

அளவு எப்படி வருகிறது என்றும் பார்த்துவிடலாம், கஷ்டமில்லை. 20 டன்னோடு ஃபுட்டிங்கின் சொந்த எடைக்கென்று ஒரு 2 டன் சேர்த்தால் 22. மண் சதுர மீட்டருக்கு 10 டன் தாங்கும் என்றால் 2.2 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். அதாவது சுமார் 5 அடிக்கு 5 அடி. அதே தூண், அதே 20 டன், ஆனால் கீழே சதுர மீட்டருக்கு 20 டன் தாங்குகிற கெட்டி மண் இருந்தால் மூன்றரை அடிக்கு மூன்றரை அடி போதும். “பக்கத்துத் தெருவில் நாலுக்கு நாலுதான் போட்டாங்க” என்று சொல்லும்போது, அந்தத் தெருவின் மண்ணையும் அந்த வீட்டின் பாரத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் பேச்சுக்கு அர்த்தம் உண்டு.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது, எனக்கு அதில் கொஞ்சம் கோபமே உண்டு. வீட்டில் பன்னிரண்டு தூண் இருந்தால் பன்னிரண்டுக்கும் ஒரே அளவில் குழி எடுப்பது. மூலைத் தூணுக்கு அறையின் கால்பங்கு தளம்தான் பாரம். நடுத் தூணுக்கு நாலு பக்கத்திலிருந்தும் கால்பங்கு வந்து சேரும். கிட்டத்தட்ட ஒரு முழு அறையையே அது சுமக்கிறது. இரண்டுக்கும் ஒரே அளவுச் செருப்பு வாங்கிப் போட்டால் யாருக்குக் கடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீடு இறங்கத்தான் செய்யும்

இதைச் சொன்னால் பலர் பதறுவார்கள். ஆனால் மண்ணின் மேல் கட்டிய எந்த வீடும் கொஞ்சமாவது இறங்கும். மண் என்பது துகள்களும், அவற்றுக்கு நடுவே காற்றும் நீரும். மேலே பாரம் வந்தால் துகள்கள் நெருங்கி உட்காரும். மணலில் இது சட்டென்று நடந்து முடியும். சுவர் எழும்ப எழும்பவே மணல் உட்கார்ந்துவிடும், குடிபோகும்போது பெரும்பாலும் வேலை முடிந்திருக்கும். களிமண் வேறு மாதிரி. மழையில் நனைந்த பஞ்சு மெத்தை மேல் கல்லை வைத்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வெளியேறுமே, அது போல. களிமண்ணின் நுண்ணிய துளைகளிலிருந்து நீர் கசிந்து வெளியேற மாதங்கள், சில இடங்களில் வருஷங்கள் ஆகும். குடிபோன பிறகும் வீடு மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் அஸ்திவாரம் எதற்கு? இறங்குவது கொஞ்சமாக இருக்க வேண்டும், அதைவிட முக்கியமாக எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். வீடு முழுவதும் ஒன்றாக 2 சென்டிமீட்டர் இறங்கினால் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. வாசல்படி உயரம் ஒரு இம்மி குறையும், குழாய் இணைப்பு எங்காவது லேசாக இழுபடும். ஆனால் ஒரு மூலை மட்டும் 2 சென்டிமீட்டர் இறங்கி, மற்ற மூலைகள் அசையாமல் நின்றால் சுவர் கிழியும்.

அஸ்திவாரங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1904 இந்த வித்தியாசத்துக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. தனித்தனி ஃபுட்டிங் உள்ள கான்கிரீட் கட்டடத்துக்கு மொத்த இறக்கம் மணலில் 50 மில்லிமீட்டர் வரை, இளகிய களிமண்ணில் 75 மில்லிமீட்டர் வரை போகலாம். ஆனால் பக்கத்துப் பக்கத்துத் தூண்களுக்கு இடையேயான வித்தியாசம், அவற்றுக்கு இடையேயான தூரத்தில் 666-ல் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 12 அடி தள்ளி நிற்கும் இரண்டு தூண்களுக்கு இது ஐந்தரை மில்லிமீட்டர். ஒரு இட்லி அரிசியின் நீளம். மொத்தமாக மூன்று அங்குலம் வரை பொறுத்துக்கொள்கிற விதி, ஒன்றுக்கொன்று வித்தியாசம் என்று வரும்போது ஓர் அரிசிக்கு மேல் விடமாட்டேன் என்கிறது. அஸ்திவாரத்தின் முழு நோக்கமும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

இதனால்தான் பாதி மனை கெட்டித் தரையாகவும் பாதி மனை நிரப்பிய மண்ணாகவும் இருந்தால் பொறியாளர்கள் முகம் சுளிப்பார்கள். முழு மனையும் மோசமான மண்ணாக இருந்தால்கூட ஒரு வழி செய்யலாம். பாதிப் பாதிதான் வம்பு. அதில் மிக மோசமானது தூர்ந்த கிணறு. பழைய தோட்டங்களைப் பிளாட் போட்டு விற்கும்போது கிணற்றில் குப்பையும் இடிபாடும் கொட்டி மூடி, மேலே ஒரு அடி கிராவல் பரப்பிவிடுவார்கள். பார்த்தால் மற்ற மனைகள் போலவே இருக்கும். வீட்டின் ஒரு மூலை அதன் மேல் வந்தால், மூன்றாவது மழைக்காலத்தில் தெரியும். மனை வாங்கும்போது பத்திரத்தைப் பார்ப்பதோடு, அந்த ஊரில் வயசான இரண்டு பேரிடம் “இங்கே முன்னாடி என்ன இருந்துச்சு?” என்று கேட்டுவிடுங்கள். டீக்கடையிலேயே பதில் கிடைத்துவிடும்.

ஆழம் எதற்கு?

சரி, அகலம்தான் பாரத்தைப் பரப்புகிறது என்றால், ஏன் தரைக்கு மேலேயே பலகையைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கக் கூடாது?

மேல் மண் நம்பத் தகுந்தது இல்லை என்பதுதான் காரணம். அதில் வேர் இருக்கும், மக்கிய இலை இருக்கும், எலி வளை இருக்கும், கரையான் இருக்கும். மழை வந்தால் ஊறும், கோடையில் காயும், பக்கத்தில் ஓடும் தண்ணீர் அரித்துக்கொண்டு போகும். ஐ.எஸ். 1904, எந்த அஸ்திவாரமும் இயற்கைத் தரைக்குக் கீழே குறைந்தது 50 சென்டிமீட்டராவது போக வேண்டும் என்கிறது. நம் ஊர்களில் பில்லர் வீட்டுக்கு வழக்கமாக 4, 5 அடி எடுக்கிறார்கள். ஆனால் 5 அடி என்பது ஏதோ மந்திர எண் இல்லை. 3 அடியில் பாறை வந்துவிட்டால் அங்கேயே நிறுத்தலாம். 5 அடியிலும் கொட்டிய மண்ணும் பிளாஸ்டிக் பையும் வந்துகொண்டிருந்தால், அதையெல்லாம் தாண்டிக் கெட்டி மண் வரும் வரை போகத்தான் வேண்டும்.

குளிர் நாடுகளில் இந்த ஆழத்துக்கு வேறு காரணம். அங்கே பனிக்காலத்தில் மண்ணில் உள்ள ஈரம் உறைந்து உப்பி, மேலே இருப்பதைத் தூக்கும். டொரண்டோவில் ஏறக்குறைய 4 அடி ஆழம் வரை மண் உறையலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், அஸ்திவாரம் அதற்குக் கீழே போயாக வேண்டும். எப்படியும் அவ்வளவு தோண்டுகிறோம், இன்னும் கொஞ்சம் தோண்டி ஒரு அறையாகவே ஆக்கிவிடலாமே என்று வந்ததில் ஒரு பங்குதான் அங்குள்ள நம்மவர்கள் பலர் முதலில் வாடகைக்குக் குடியிருந்த ‘பேஸ்மெண்ட்’. இங்கே பேஸ்மெண்ட் என்றால் தரைக்கு மேலே எழும் மேடை, அங்கே தரைக்குக் கீழே இருக்கும் அறை. போனில் பேசும்போது இரண்டு பக்கமும் குழம்புவதைக் கேட்டிருக்கிறேன்.

நம் ஊர்களில் மண் உறைவதில்லை. அதே வேலையைச் செய்ய நமக்குக் கரிசல் இருக்கிறது.

கோவில்பட்டி, விருதுநகர் பக்கமும், கோவை, பெரம்பலூர் வட்டாரங்களில் பல இடங்களிலும் கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். மே மாதத்தில் நிலம் பாளம் பாளமாக வெடித்து, கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும். ஐப்பசி மழையில் அந்த வெடிப்பெல்லாம் மூடி, நிலமே உப்பி நிற்கும். அதில் இருக்கும் மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் தண்ணீரைத் தன் அடுக்குகளுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும், காயும்போது விட்டுவிடும். வருஷத்துக்கு ஒருமுறை நிலம் மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் உங்கள் வீடு படுத்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. கரிசலில் கனமான கட்டடத்தைவிட லேசான கட்டடம்தான் அதிகம் பாடுபடும். உப்பும் மண்ணை அமுக்கிப் பிடிக்கப் பாரம் வேண்டுமே! முதலில் வெடிப்பது காம்பவுண்ட் சுவர். அப்புறம் போர்டிகோ. வீட்டுக்குள் தரை ஓடு நடுவில் மேடு தட்டும். தூண்களும் தளமும் நன்றாகவே இருக்கும்போது கூடத்துத் தரை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

கரிசலுக்கு மருந்து இரண்டு மூன்று உண்டு. கரிசல் அடுக்கு மெல்லியதாக இருந்தால் அதைத் தோண்டி எடுத்துவிட்டு, கீழே வரும் சுக்கான் மண்ணிலோ சரளையிலோ அஸ்திவாரத்தை உட்கார வைப்பார்கள். அடுக்கு ஆழமாகப் போனால், ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிப் பரவலாக்கிய ஒரு முறை இருக்கிறது. சுமார் மூன்றரை மீட்டர் ஆழத்துக்குக் கையால் இயக்கும் கருவியாலேயே துளை போட்டு, அடியில் மட்டும் துளையை இரண்டரை மடங்கு அகலப்படுத்தி, கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்புவது. வெங்காயத்தைத் தாளோடு நட்டு வைத்தது போல இருக்கும். மழையும் வெயிலும் எட்டாத ஆழத்தில் அந்தக் குமிழ் பிடித்துக்கொள்ளும், மேல் மண் உப்பினாலும் சுருங்கினாலும் தூண் அசையாது. இங்கே அஸ்திவாரத்தின் வேலை தலைகீழாகிவிடுகிறது பாருங்கள். வீடு கீழே போகாமல் தாங்குவதோடு, மேலே போகாமலும் இழுத்துப் பிடிக்கிறது.

மேலே மண் மோசம், கீழே எங்கோ நல்ல மண் என்ற பிரச்சினை புதிது இல்லை. சென்னை எழும்பூரில் இருக்கும் புனித ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள், வட்ட வடிவ மண்டபமும் உயரமான கோபுரமும். 1818-ல் தொடங்கி 1821-ல் திறந்தார்கள். இடமோ கூவத்தை ஒட்டிய சதுப்பு. கட்டிய ராணுவப் பொறியாளர் டி ஹாவிலண்ட், அந்தச் சேற்றில் அகல அஸ்திவாரம் போடவில்லை. சுமார் 150 கிணறுகளை இறக்கினார். வளைவாக வார்த்த செங்கல்லாலும் சுட்ட மண் உறைகளாலும் ஆன கிணறுகள், 14 அடியிலிருந்து 50 அடி வரை ஆழம். அவற்றின் மேல்தான் அந்தக் கட்டடம் இருநூறு வருஷமாக நிற்கிறது. தண்ணீருக்காக உறைக்கிணறு இறக்கத் தெரிந்த ஊரில், அதே கைவேலையைப் பாரம் தாங்கவும் திருப்பிவிட்டார்கள். இன்று அடுக்குமாடிகளுக்கு இயந்திரம் வைத்துப் பைல், அதாவது ஆழத்தில் இறங்கும் கான்கிரீட் தூண், போடுவதும் அதே யோசனைதான், கருவிதான் வேறு.

சாதாரணத் தனி வீட்டுக்குப் பைல் வரை போக வேண்டிய நிலை எல்லா இடத்திலும் வராது. நல்ல செம்மண், சரளை என்றால் தனித்தனி ஃபுட்டிங். தூண் இல்லாமல் சுவரே பாரம் தாங்கும் வீடு என்றால் சுவருக்கு அடியில் நீளமாக ஓடும் கருங்கல் கட்டு, கீழே அகலமாகவும் மேலே வர வரப் படிபோலக் குறுகியும் இருக்கும். மண் ரொம்ப இளகல், ஃபுட்டிங்குகள் ஒன்றையொன்று தொடும் அளவுக்குப் பெரிசாகிறது என்றால் எல்லாவற்றையும் சேர்த்து மனை முழுவதும் ஒரே பலகையாக ராஃப்ட் போட்டுவிடுவார்கள். எது வேண்டும் என்பதை மண் பரிசோதனை சொல்லும். அதில் ஒரு பெரிய மர்மமும் இல்லை. துளைக்குள் ஒரு குழாயை நிறுத்தி, 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்பப் போடுவார்கள். குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடி வாங்குகிறது என்று எண்ணுவார்கள். நாலு முறை அடித்ததுமே சர்ரென்று போனால் மண் இளகல், நாற்பது முறை அடி வாங்கினால் கெட்டி. மாடிப்படிக் கைப்பிடிக்குப் பளபளக்கும் ஸ்டீல் வாங்கக் கணக்குப் பார்க்காதவர்கள் இந்தப் பரிசோதனைக்குக் கணக்குப் பார்ப்பது எனக்கு இன்றும் புரியாத விஷயம்.

வானம் தோண்டிய நாள்

அஸ்திவாரத்துக்குக் குழி எடுப்பதை எங்கள் பக்கம் வானம் தோண்டுவது என்பார்கள். கீழே தோண்டுவதற்கு வானம் என்று ஏன் பேர் வந்ததோ. குழி எடுத்து முடித்ததும் நான் செய்கிற முதல் வேலை, உள்ளே இறங்கி நாலு மூலையிலும் நடுவிலும் கடப்பாரையைச் செங்குத்தாகப் போட்டுப் பார்ப்பது. கெட்டி மண்ணில் ‘ணங்’ என்று அடித்து ஓரிரு அங்குலத்தில் நின்றுவிடும். ஒரு இடத்தில் மட்டும் சத்தமில்லாமல் அரையடி உள்ளே போனால், அங்கே ஏதோ இருக்கிறது. இது மண் பரிசோதனைக்கு மாற்று இல்லை. ஆனால் ஒரே குழிக்குள் மண் மாறுவதைக் கடப்பாரை போலச் சட்டென்று காட்டிக்கொடுக்கிற கருவியை நான் பார்த்ததில்லை.

என் ஆரம்ப காலத்தில் ஒரு தவறு செய்தேன். குழியெல்லாம் சரியான ஆழத்தில் எடுத்தாயிற்று. வீட்டுக்காரர் “நாளன்னைக்குத்தான் தம்பி நல்ல நாள், அன்னைக்குக் கான்கிரீட் போட்டுக்கலாம்” என்றார். சரி என்று விட்டுவிட்டேன். இரவில் மழை. காலையில் குழிகளில் முழங்கால் தண்ணீர். மோட்டார் வைத்து இறைத்தோம், நல்ல நாளும் வந்தது, அடியில் இருந்த சேற்றைச் சுரண்டாமல் அப்படியே ஜல்லிக் கலவையைக் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு குழி முடிந்த பிறகுதான் வயதான கொத்தனார் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, “தம்பி, கீழ களி மாதிரி கிடக்கு, பார்க்கலையா?” என்றார். கால் வைத்தால் கணுக்கால் வரை போகிறது. கொட்டியதை வாரி எடுத்து, சேற்றைச் சுரண்டி, கெட்டி மண் தெரியும் வரை இன்னும் அரையடி எடுத்து, மறுபடி போட்டோம். அரை நாள் கூலியும் நாலு மூட்டை சிமென்ட்டும் என் கணக்கில் போயின. கட்டியபின் தெரிந்திருந்தால் என்ன போயிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதில்லை. எத்தனை டன் தாங்கும் என்று நாம் கணக்கிட்ட மண், மழையில் ஊறிய அந்த நாலு அங்குலத்தில் கிடையாது. அதனால் குழி எடுத்தால் உடனே அடியில் கலவையைப் போட்டு மூடிவிடுவது நல்லது. நாள் பார்ப்பதாக இருந்தால் தோண்டுவதற்கு முன்னாலேயே பார்த்துவிடலாம்.

அந்த அடிக் கலவையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பங்கு சிமென்ட், 4 பங்கு மணல், 8 பங்கு ஒன்றரை அங்குல ஜல்லி என்று போடும் 4 முதல் 6 அங்குலக் கலவை, பாரம் தாங்குவதற்காக இல்லை. மேலே கம்பி கட்டச் சமமான, சுத்தமான இடம் வேண்டும் என்பதற்காக. கம்பி மண்ணைத் தொடக் கூடாது, தொட்டால் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். ஃபுட்டிங் கம்பிக்கு எல்லாப் பக்கமும் 50 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அதற்குத்தான் கம்பிக்கு அடியில் வைக்கும் சின்னக் கான்கிரீட் கட்டையான கவர் பிளாக். சில இடங்களில் கம்பிக்கு அடியில் உடைந்த செங்கல் துண்டை வைத்துவிட்டு, “பிளாக் வெச்சாச்சு சார்” என்பார்கள். செங்கல் தண்ணீரை உறிஞ்சிக் கம்பிக்கு ஊட்டிவிடும். குனிந்து பாருங்கள்.

தரைக்கு மேலே தெரியும் பாகம்

ஃபுட்டிங்கிலிருந்து தூண் எழுந்து தரை மட்டத்துக்கு வரும்போது, எல்லாத் தூண்களையும் பெல்ட் போலச் சுற்றிக் கட்டும் பீம் ஒன்று வரும். சுவரின் எடையைத் தூண்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், தூண்கள் ஆளுக்கொரு பக்கம் போகாமல் கைகோத்து நிற்க வைப்பதும் அதன் வேலை. நிலநடுக்கத்தின்போது மண் பக்கவாட்டில் உலுக்கும். அப்போது இந்தக் கைகோப்புதான் காப்பாற்றும். ஒரு ஃபுட்டிங் லேசாக இறங்கினாலும் பக்கத்தில் இருப்பவை கொஞ்சம் பாரத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் “பெல்ட் நல்லா போட்டிருக்கோம், ஃபுட்டிங்கைக் குறைச்சுக்கலாம்” என்பது நடக்காது. கைகோத்து நின்றாலும் ஒவ்வொருவரும் தன் காலில்தான் நிற்க வேண்டும்.

அதற்கு மேல் பேஸ்மெண்ட். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வீட்டின் உள் தரை சுற்றுப்புறத்தைவிடக் குறைந்தது 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. மழைநீரும் பூச்சியும் உள்ளே வராமல் இருக்க. மண்ணின் ஈரம் செங்கல் வழியாக மேலேறாமல் இருக்கச் சுவர் தொடங்கும் இடத்தில் நீர்க்காப்புச் சேர்த்த சிமென்ட் அடுக்கு ஒன்று போடுவார்கள். அதை விட்டுவிட்ட வீடுகளில் சுவரின் கீழ் மூன்று அடி எப்போதும் பெயின்ட் உரிந்து, உப்புப் பூத்து நிற்கும். எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் தீராது.

பேஸ்மெண்ட்டுக்குள் நிரப்பும் மண்ணில்தான் பெரும்பாலான வீடுகளில் அவசரப்படுகிறார்கள். லாரி லாரியாகக் கிராவல் கொட்டி, மேலே தண்ணீர் விட்டு, “உட்கார்ந்திருச்சு” என்று தளம் போட்டுவிடுவார்கள். ஆறு அங்குலம் கொட்டி, நனைத்து, திமிசு போட்டு இறுக்கி, அப்புறம் அடுத்த ஆறு அங்குலம் என்றுதான் ஏற வேண்டும். இதைச் செய்யாத வீட்டில் தூண் சுவர் எல்லாம் உறுதியாக நிற்க, தரை மட்டும் சுவரோரத்தில் இறங்கி, ஸ்கர்ட்டிங் ஓட்டுக்கும் தரைக்கும் நடுவில் இடைவெளி விழும். அஸ்திவாரம் போய்விட்டது என்று பயந்துகொண்டு கூப்பிடுவார்கள். போனது அஸ்திவாரம் இல்லை, நிரப்பல்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கும் வேலையைப் பற்றி அதிகம் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாலை மேல் சாலை போட்டுத் தெரு உயர்ந்து, வீடு பள்ளத்தில் போய்விட்டவர்கள் செய்வது. பேஸ்மெண்ட் ஓரமாகத் தோண்டி, சுவருக்கு அடியில் சிறிது சிறிதாக வெட்டி, வரிசையாக ஜாக்கிகளை வைத்து, எல்லோரும் ஒரே குரலுக்கு ஒரே அளவு திருப்புவார்கள். வீடு ஒரு நூல் ஒரு நூலாக மேலே வரும். அஸ்திவாரம் புரிய வேண்டும் என்றால் இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஏனென்றால் அந்தச் சில நாட்கள் வீட்டுக்கு அஸ்திவாரம் ஜாக்கிகள்தான். ஒரு மூலையில் ஒருவர் இரண்டு சுற்று கூடுதலாகத் திருப்பிவிட்டால் போதும், சுவர் பேச ஆரம்பித்துவிடும். அதே அரிசி நீளக் கணக்குதான்.

சுவர் எப்படிப் பேசும்

எல்லா விரிசலும் அஸ்திவாரக் கோளாறு இல்லை. பூச்சில் வலைபோலப் படரும் மயிரிழை விரிசல், சிமென்ட் காயும்போது சுருங்குவதால் வருவது. தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் நேர்கோடாக வருவது, இரண்டு பொருளும் வெயிலுக்கு வேறு வேறு அளவில் விரிவதால். கவலைப்பட வேண்டியது சாய்வாகப் போகும் விரிசல். ஜன்னல் மூலையிலிருந்து கிளம்பி, செங்கல் இணைப்புகள் வழியாகப் படிக்கட்டு போல ஏறும். அது மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் பெரும்பாலும் சுவரின் ஓரம் இறங்குகிறது. கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி இறங்குகிறது. அதோடு கதவு திடீரென்று நிலையில் உரச ஆரம்பித்தால் பொறியாளரைக் கூப்பிட வேண்டிய நேரம்.

என் சித்தப்பா வீட்டில் இது நடந்தது. வீடு கட்டிப் பதினோரு வருஷம் கழித்துக் கார் வாங்கினார், போர்டிகோ வேண்டும் என்றார். உள்ளூர் ஆட்களே இரண்டு தூண் நிறுத்தி, தளத்தை வீட்டுச் சுவரோடு சேர்த்து ஒட்டிவிட்டார்கள். தூண்களுக்கு இரண்டு அடிதான் ஆழம், ‘சின்ன வேலைதானே’. ஆறு மாதத்தில் போர்டிகோ தளம் சுவரில் சேரும் இடத்தில் விரிசல். “வீடே சாயுதாடா?” என்று போன். போய்ப் பார்த்தேன். வீடு சாயவில்லை. பழைய வீடு பதினோரு வருஷத்தில் உட்கார்ந்து முடித்துவிட்டது, புதுத் தூண்கள் இப்போதுதான் உட்காரத் தொடங்கியிருக்கின்றன. உட்கார்ந்தவரையும் உட்காரப்போகிறவரையும் கையைச் சேர்த்துக் கட்டினால் என்ன ஆகும்? போதாததற்குக் குளியலறைத் தண்ணீர் போகும் குழாய் ஒன்று அந்தத் தூண் பக்கமாகத்தான் கசிந்துகொண்டிருந்தது.

முதலில் குழாயைச் சரி செய்தோம். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமென்ட் வைத்து ஒட்டித் தேதி எழுதினேன். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். நான்கு வாரத்தில் உடைந்தது. இன்னொன்று ஒட்டினேன், அது மூன்று மாதம் தாங்கி உடைந்தது. அதன் பிறகு போர்டிகோ தளத்தை வீட்டுச் சுவரிலிருந்து அறுத்துப் பிரித்து, சுவர்ப் பக்கத்துக்கும் இரண்டு தூண்களை, கெட்டி மண் வரை இறக்கி நிறுத்தினோம். வீட்டுக்கும் போர்டிகோவுக்கும் நடுவில் ஒரு அங்குல இடைவெளி விட்டு, மழை இறங்காமல் மேலே தகடு மூடினோம். சித்தப்பாவுக்கு அந்த இடைவெளி பிடிக்கவே இல்லை. அழகாக இல்லையாம். சுவரில் இருந்த பழைய விரிசலைப் பூசி, அதன் மேல் மூன்றாவது கண்ணாடியை ஒட்டி வைத்தேன். சித்தி இரண்டு தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போதும் அதைச் சுற்றி விட்டுவிட்டுத்தான் அடிக்கச் சொல்லியிருக்கிறார்.